அம்மாவின் வால்வைத் தொடை வழியாக மாற்றிவிட முடியாதா?

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு 57 வயது. நாலைந்து வருஷமாகவே முகமும் கழுத்தும் திடீர் திடீரென்று சூடாகும். மாதவிடாய் நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அடிக்கடி வயிற்றுப்போக்கும் உண்டு, அதற்கும் ஏதேதோ மாத்திரை. இந்த வருஷம் கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். சிறுகுடலில் கார்சினாய்டு கட்டி, கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது என்கிறார்கள். எக்கோவில் இதயத்தின் வலப்பக்கத்து வால்வு இரண்டும் லீக். ஒரு டாக்டர் நெஞ்சைத் திறந்துதான் மாற்ற வேண்டும் என்கிறார், இன்னொருவர் பரவின கேன்சருக்கு ஆபரேஷன் எதற்கு என்கிறார். எங்கள் பெரியப்பாவுக்கு 78 வயதில் தொடை வழியாக வால்வு வைத்து நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கும் அப்படிச் செய்ய முடியாதா? தையில் தம்பி கல்யாணம் வேறு இருக்கிறது. (வாசகி, நெல்லிக்குப்பம்)

பதில்: முதலில் பெரியப்பாவை இந்தப் பேச்சிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார வைத்துவிடுவோம். அவருக்கு மாற்றியது இடப்பக்கத்து அயோர்டிக் வால்வு. வயதானதால் சுண்ணாம்பு படிந்து கெட்டிப்பட்டு, வாய் சுருங்கிப்போன வால்வு அது. தொடை ரத்தக்குழாய் வழியாக மடித்துக் கொண்டுபோன புது வால்வை அந்தக் குறுகின வாய்க்குள் விரித்துவிட்டால், சுற்றியிருக்கிற சுண்ணாம்பே அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். 2002ல் பிரான்சில் அலென் கிரிபியே முதல்முதலாக ஒரு மனிதருக்குச் செய்துகாட்டிய இந்த முறை இன்றைக்குத் தமிழ்நாட்டிலேயே பல ஊர்களில் நடக்கிறது. பெரியப்பாவுக்கு நல்லபடியாக முடிந்ததில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அம்மாவின் நிலைமை நேர் எதிர். அவருக்குக் கெட்டிருப்பது வலப்பக்கம், அதில் பெரியது ட்ரைகஸ்பிட் வால்வு. அதன் வாய் சுருங்கவில்லை, அகன்றுபோயிருக்கிறது. இதழ்கள் தடித்து, குட்டையாகி, விறைத்து, பாதி திறந்த நிலையிலேயே நின்றுவிடும். எக்கோ திரையில் பார்த்தால் கீல் துருப்பிடித்த கதவு மாதிரி இருக்கும், மூடவும் மூடாது, முழுசாகத் திறக்கவும் திறக்காது. கடித்துப் பிடிக்க அங்கே சுண்ணாம்பும் கிடையாது. வீங்கின இதயத்தில் அந்த வாயின் வளையம் 40 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும், ஆனால் பெரியப்பாவுக்கு வைத்த வகை வால்வுகளில் பலூனால் விரிப்பவை பெரும்பாலும் 29 மில்லிமீட்டரோடு நின்றுவிடும், நம்ம நாட்டுத் தயாரிப்பான மைவால் 32 வரை போகும். கல்யாண வீட்டு அண்டாவுக்குச் செம்பு மூடியைப் போட்டால் என்ன ஆகும்? உள்ளே விழும். இங்கே விழுவது இதயத்துக்குள்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில் இது. அம்மாவுக்கு முதல் வால்வை நெஞ்சைத் திறந்து வைப்பதுதான் இன்றைக்கும் நம்பகமான வழி. தொடை வழிக்கும் ஒரு இடம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். இரண்டையும் விட முக்கியம் எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்கிற வரிசை. நான் பார்த்தவரை இந்த நோயில் குடும்பங்கள் இடறுவது பெரும்பாலும் வரிசையில்தான்.

கேன்சர் குடலில், கெட்டது இதயம், இது எப்படி என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள். இந்தக் கட்டி செரட்டோனின் என்ற பொருளை அளவுக்கு மீறிச் சுரக்கும். குடலில் மட்டும் கட்டி இருக்கும்வரை, அங்கிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போவதால் கல்லீரல் அதை உடைத்துவிடும், உடம்புக்கு ஒன்றும் தெரியாது. கட்டி கல்லீரலிலேயே குடியேறிவிட்டால் அங்கே சுரப்பது வடிகட்ட ஆளில்லாமல் நேராக இதயத்தின் வலப்பக்கத்துக்கு வரும். வருஷக்கணக்கில் அதிலேயே நனைந்த வால்வின் மேல் வெள்ளையாக நார்ப்பூச்சு படியும். அங்கிருந்து ரத்தம் நுரையீரலுக்குப் போக, அது இரண்டாவது வடிகட்டி, மிச்சத்தை அடக்கிவிடும். இடப்பக்கத்து வால்வுகள் தப்பிப்பது அதனால்தான், பத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் இடப்பக்கம் கெடும். அப்படிக் கெட்டால் இதய மேலறைச் சுவரில் சின்ன ஓட்டை இருக்கிறதா என்று தேட வேண்டும். நரம்பு வழியாகக் குமிழி கலந்த உப்புநீரை ஏற்றி அந்த ஓட்டையைத் தேடுகிற குமிழி எக்கோவை அம்மாவுக்கு எடுத்தார்களா என்று கேளுங்கள், ஓட்டை இருந்தால் ஆபரேஷனோடு சேர்த்தே மூடிவிடலாம்.

நாலைந்து வருஷம் யாரும் கண்டுபிடிக்கவில்லையே என்று உங்கள் கடிதத்தில் ஒரு கோபம் தெரிகிறது. நியாயம்தான். ஆனால் கல் எறிகிற தகுதி எனக்கு இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பண்ருட்டிப் பக்கத்து முந்திரி வியாபாரி ஒருவரை ஒரு வருஷம் நானே கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். கழுத்து நரம்பு காது மடல் வரைக்கும் துடிக்கும், நாற்காலியில் சாய்ந்தபடி பேசும்போதே தெரியும். ஸ்டெதஸ்கோப் வைத்தால் முணுமுணுப்புச் சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. லீக் லேசாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். உண்மையில் வால்வு முழுசாகவே மூடாமல் போனால் ரத்தம் தடையில்லாமல் திரும்பி ஓடும், தடை இல்லாத இடத்தில் சத்தமும் இருக்காது. முகம் சூடாகிறது என்று அவர் சொன்னபோது குடியை நிறுத்துங்கள் என்று புத்தி சொன்னேன். மனிதர் பீடி கூடத் தொடாதவர். எக்கோ எடுத்த டெக்னீஷியன்தான், சார் இந்த இதழ் அசையவே மாட்டேங்குதே, கொஞ்சம் வந்து பாருங்க என்று கூப்பிட்டார். இன்னொன்று, புத்தகத்தில் முகம் சிவக்கும் என்று எழுதியிருக்கும், அது வெள்ளைத்தோலைப் பார்த்து எழுதியது. நம் நிறத்தில் சிவப்பு தெரியாது, சூடு மட்டும்தான் தெரியும், அதுவும் அனுபவிக்கிறவருக்கு மட்டும்.

சரி, வரிசைக்கு வருவோம்.

முதல் வேலை சுரப்பை அடக்குவது. ஆக்ட்ரியோடைட் அல்லது லான்ரியோடைட் ஊசி, 4 வாரத்துக்கு ஒருமுறை. அம்மாவுக்கு ஆரம்பித்துவிட்டார்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஆரம்பிக்கவில்லை என்றால் இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் போன் எடுங்கள். இது கெட்ட வால்வைச் சரி பண்ணாது, அதை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் இது இல்லாமல் புது வால்வு வைத்தால் அதே செரட்டோனின் அந்த வால்வையும் பூசி மெழுகிவிடும். ஆக்ட்ரியோடைட் மாதாந்திர ஊசியைப் பிரிட்ஜில் வைக்க வேண்டும், 2 முதல் 8 டிகிரி, ஃப்ரீசரில் அல்ல. பாண்டியில் வாங்கி பஸ்ஸில் கடலூர் கொண்டுபோகிறவர்கள் ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும், போடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் வெளியே எடுத்து வைக்க வேண்டும். பொடியையும் திரவத்தையும் கலந்து உடனே புட்டத்துத் தசையில் போட வேண்டிய ஊசி அது. தாமதித்தால் பொடி அடியில் தங்கி ஊசி அடைத்துக்கொள்ளும், அந்த மாத மருந்து வீண். இதற்குப் பழக்கமான நர்ஸ் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், மாதாமாதம் ஆள் மாற வேண்டாம்.

சுரப்பு அடங்குகிறதா என்பதை 24 மணி நேரச் சிறுநீரில் 5-எச்ஐஏஏ (செரட்டோனின் உடைந்து வெளியேறும் பொருள்) பார்த்துச் சொல்லலாம். அதற்கு மூன்று நாள் முன்பிருந்து வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்திரிக்காய், வால்நட் எல்லாம் நிறுத்த வேண்டும். தக்காளி இல்லாமல் ரசமா என்று அம்மா கேட்பார், புளி ரசம் வையுங்கள், மூன்று நாள்தானே. பழம் சாப்பிட்டுவிட்டுக் கொடுத்த சிறுநீரை வைத்து மருந்தின் அளவை ஏற்றினவர்கள் உண்டு.

இரண்டாவது, வால்வுக்கான நேரம். இதில் குடும்பம் செய்கிற தப்பு தெரியுமா? வீக்கம் வந்தால் நீர் மாத்திரை, வடிந்தால் சரியாகிவிட்டது, மறுபடி வந்தால் மாத்திரையைக் கூட்டு, இப்படியே ஒரு வருஷத்தை ஓட்டுவது. அதற்குள் வலப்பக்க இதயத் தசை தளர்ந்து பை மாதிரி ஆகிவிடும். அதற்கப்புறம் எந்த வால்வு வைத்தும் பெரிய பிரயோஜனம் இல்லை. அம்மாவுக்கு வயிற்றில் நீர் வந்துவிட்டது, இது காத்திருக்கிற கட்டம் தாண்டிய அறிகுறி.

இங்கேதான் உங்கள் இரண்டாவது டாக்டரோடு எனக்கு உடன்பாடு இல்லை. பரவின கேன்சர் என்றதும் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடக் கூடாது. கார்சினாய்டு பல பேருக்கு ஆமை வேகத்தில் போகும், கல்லீரலில் கட்டியோடு பல வருஷம் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரை முதலில் கொண்டுபோவது கட்டியாக இருக்காது, வால்வாக இருக்கும். பொதுவாக நாங்கள் பார்ப்பது, இதயத்தைச் சரி செய்தால் இவர் குறைந்தது ஒரு வருஷமாவது நன்றாக இருப்பாரா என்பதைத்தான். ஆம் என்று புற்றுநோய் டாக்டர் சொன்னால் வால்வைப் பற்றிப் பேசலாம். இன்னொரு விஷயம், கல்லீரல் கட்டியை வெட்டி எடுப்பதோ, லுட்டீஷியம் கதிர்மருந்து கொடுப்பதோ பின்னால் தேவைப்படலாம். வால்வு லீக்கால் கல்லீரல் ரத்தம் தேங்கி ஊதியிருக்கும்போது அதில் கத்தி வைத்தால் ரத்தப்போக்கு அடங்காது. லுட்டீஷியத்தோடு நிறைய திரவம் ஏற்ற வேண்டியிருக்கும், தளர்ந்த இதயம் அதைத் தாங்காது. அதனால் பெரும்பாலும் இதயம் முதலில், கல்லீரல் பிறகு. அம்மாவின் புற்றுநோய் டாக்டரும் இதய டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசினார்களா? இருவரும் தனித்தனியாக உங்களிடம் பேசிக்கொண்டு, நீங்கள் நடுவில் தூது போகிறீர்கள் என்றுதான் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது.

இப்போது தொடை வழி. இதை எங்கே யோசிக்கலாம் என்றால், முதலில், ஆபரேஷனில் வைத்த திசு வால்வு (விலங்குத் திசுவில் செய்தது) சில வருஷம் கழித்துப் பழுதானால், அதற்குள்ளேயே இன்னொரு வால்வைக் குழாய் வழியாக வைப்பது. பழைய வால்வின் வளையம் கெட்டியாக நிற்பதால் புதுசுக்குப் பிடிமானம் கிடைக்கும், அண்டா பிரச்சனை இல்லை. கார்சினாய்டில் குழாய் வழி வால்வு நம்பிக்கையோடு வேலை செய்வது இங்கேதான். இதனால்தான் முதல் ஆபரேஷனிலேயே உலோக வால்வு வேண்டாம், திசு வால்வு வையுங்கள், முடிந்தவரை பெரிய அளவாக வையுங்கள் என்று நான் சொல்வேன். உலோக வால்வு வைத்தால் வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வேண்டும், கல்லீரல் கெட்டவருக்கு அது கத்திமேல் நடை.

அடுத்தது வலப்பக்கத்தின் இரண்டாவது வால்வான நுரையீரல் வால்வு. கார்சினாய்டில் இது லீக்கோடு கூடச் சுருங்கவும் செய்யும், அந்தச் சுருக்கம் சிலருக்குப் புது வால்வைப் பிடித்துக்கொள்ள உதவும். முன்கூட்டி ஒரு ஸ்டென்ட் வைத்து அதற்குள் வால்வை விரிப்பார்கள். அதற்கு முன் அங்கே பலூனை ஊதிக்கொண்டே இதய ரத்தக்குழாயில் ஆஞ்சியோ எடுத்துப் பார்க்க வேண்டும், பலூன் பக்கத்துக் குழாயை நசுக்கினால் அத்தோடு நிறுத்திவிட வேண்டியதுதான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ட்ரைகஸ்பிட்டை மட்டும் மாற்றிவிட்டு நுரையீரல் வால்வை அப்படியே ஒழுக விட்டால் வலப்பக்க இதயத்துக்குச் சுமை குறையாது. அம்மாவுக்கு இரண்டும் லீக் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இரண்டுக்கும் என்ன திட்டம் என்று கேளுங்கள்.

கெட்டுப்போன ட்ரைகஸ்பிட்டுக்கே நேரடியாகத் தொடை வழியாக வைக்கிற பெரிய வால்வு ஒன்று இருக்கிறது, எவோக் என்று பெயர், 44 மில்லிமீட்டரிலிருந்து தொடங்கும் அளவுகள். அமெரிக்காவில் 2024 பிப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. வால்வு இதழைப் பிடித்தே அது நிற்கும், கார்சினாய்டில் அந்த இதழ்தான் குட்டையாகிக் கிடக்கிறது. சிலருக்கு அப்புறம் பேஸ்மேக்கரும் தேவைப்படும். கார்சினாய்டில் இதன் அனுபவம் விரல் விட்டு எண்ணுகிற அளவு நோயாளிகள்தான். இதழ்களைக் கிளிப் போட்டுச் சேர்க்கிற முறையும் இருக்கிறது, யூடியூபில் பார்த்துவிட்டுக் கேட்பீர்கள். விறைத்துப்போன இரண்டு இதழ்களை இழுத்துச் சேர்க்க முடியாது, அம்மாவுக்குக் கிளிப் பொருந்த வாய்ப்பு குறைவு. ஆபரேஷன் அறவே தாங்கமாட்டார் என்று அறுவை டாக்டரே கைவிரித்தால் இந்தப் பேச்சுகளை எடுக்கலாம், அதற்கு முன்னால் வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் ஒரு ஆபத்து பொது. மயக்க மருந்து, ஊசி, பயம், கட்டியைத் தொடுவது, எது வேண்டுமானாலும் கட்டியைத் தூண்டி ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும். ரத்த அழுத்தம் தடாலென்று விழும், மூச்சுக்குழாய் இறுகும். தொடை வழி என்றால் சின்ன விஷயம், இது வேண்டாம் என்று விட்டுவிட முடியாது. முந்தின நாளே ஆக்ட்ரியோடைட் டிரிப் ஆரம்பித்து, நடக்கும்போதும், முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மயக்க டாக்டர் இதற்கு முன் ஒரு கார்சினாய்டு நோயாளியையாவது பார்த்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். எந்த டாக்டரும் கோபப்படமாட்டார், கோபப்பட்டால் வேறு டாக்டரைப் பாருங்கள். பல் பிடுங்கப் போனாலும் இதை முதலில் சொல்ல வேண்டும், பல் டாக்டர் போடும் மரத்துப்போகிற ஊசியில் அட்ரினலின் கலந்திருக்கும்.

ஆபரேஷனில் ஆபத்து இல்லையா என்றால் இருக்கிறது, மூடி மறைக்கமாட்டேன். ஒரு காலத்தில் இந்த ஆபரேஷனில் ஐந்தில் ஒருவர் வரை இழந்த மருத்துவமனைகள் உண்டு, பழக்கமான இடங்களில் இப்போது அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. அதனால் எங்கே செய்கிறார்கள் என்பது முக்கியம். உங்களுக்குப் பக்கம் கோரிமேடு ஜிப்மர், இதயநோய்ப் பிரிவு, இதய அறுவைப் பிரிவு, புற்றுநோய்ப் பிரிவு எல்லாம் ஒரே வளாகத்தில். அடுத்தது வேலூர், சென்னை. வார்டில் இடம் கேட்பதற்கு முன்னால், இந்த மூன்று பிரிவும் ஒரே நாளில் உட்கார்ந்து அம்மாவின் ஃபைலைப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, ஆனால் எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்கு என்பதைச் சேருவதற்கு முன்பே கவுண்டரில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். எக்கோவின் பேப்பர் மட்டும் போதாது, வீடியோவை சிடியிலோ பென்டிரைவிலோ வாங்கிக்கொள்ளுங்கள். இதழ் எப்படி அசைகிறது என்பதைப் பேப்பரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இதயத்தின் சுமையைக் காட்டுகிற என்டி-ப்ரோபிஎன்பி ரத்தப் பரிசோதனையும் எடுத்திருந்தால் சேர்த்து வையுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: காலையில் கழிவறை போய் வந்ததும் வெறும் வயிற்றில் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் போன் பண்ணுங்கள். உப்புதான் அவருக்கு முதல் எதிரி. கடலூர்க்காரர்களிடம் கருவாட்டை விடச் சொல்வது கஷ்டமான காரியம் என்று தெரியும், ஆனால் கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் கொஞ்ச நாளைக்கு வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. அம்மாவுக்குத் தெரியாமல் நீங்கள் சாப்பிட்டால் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். மீன் குழம்பு வைக்கலாம், காரத்தைக் குறையுங்கள், அதிகக் காரம் சிலருக்கு அந்தச் சூட்டைக் கிளப்பிவிடும். கைகால் தோல் கறுத்துச் சொரசொரவென்று இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். நியாசின் சத்து உருவாகத் தேவையான டிரிப்டோஃபேனைக் கட்டி தின்றுவிடுவதால் அந்தச் சத்து குறையும், அதற்கு நிகோடினமைட் மாத்திரை போதும், விலையும் குறைவு.

கடைசியாகத் தம்பி கல்யாணம். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டிருப்பீர்கள். அப்படி வேண்டாம். பரிசோதனைகளையும் ஊசியையும் இந்த வாரமே ஆரம்பியுங்கள், ஆபரேஷன் தேதியை மண்டபத் தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெண் வீட்டாரிடம் விஷயத்தைச் சொல்லி முகூர்த்தத்தைக் கார்த்திகைக்கு இழுக்க முடிந்தால் இழுங்கள், சின்னதாகக் கோவிலில் வைத்தால் கூடத் தாலி தாலிதான். அம்மாவுக்கு மேடையில் சாய்வு நாற்காலி ஒன்று போடுங்கள், காலைத் தூக்கி வைக்க ஸ்டூலும். வருகிறவர்களை நின்று வரவேற்கிற வேலை உங்களுடையது. இலையில் அம்மாவுக்கு ஊறுகாயும் அப்பளமும் வைக்க வேண்டாம் என்று பரிமாறுகிறவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.